ஊர்க்கணக்கில் ஒரு வரி: கிராமத்தின் மக்கள்தொகையையும் பிழைப்பையும் படிப்பது எப்படி?

2011 பிப்ரவரி. பெரியப்பா வீட்டுத் திண்ணையில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அகலமான மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர், வயது, படிப்பு எல்லாம் எழுதியாயிற்று. "ஐயா, தொழில் என்னன்னு போடட்டும்?" என்றார். "விவசாயம்தான் சார், வேறென்ன?" என்றார் பெரியப்பா. "அம்மா?" "அவ வீட்டுலதான் இருக்கா."

பெரியப்பாவுக்கு இருந்தது ஒன்றேகால் ஏக்கர். கிணற்றில் தண்ணீர் நின்றால் ஒரு போகம் நெல், இல்லாவிட்டால் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. வீட்டுக்கு மாதாமாதம் காசு வந்தது இரண்டு கறவை மாடுகளாலும், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த மகனாலும்தான். 'வீட்டுலதான்' இருந்த பெரியம்மா விடியற்காலையில் புல் அறுத்து, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, நடவு நாட்களில் அடுத்தவர் கழனிக்கும் போய்வருவார்.

இந்த வீட்டின் பிழைப்பை வாத்தியார் சில கட்டங்களுக்குள் அடக்க வேண்டும். ஊரிலுள்ள எல்லா வீடுகளின் கட்டங்களையும் கூட்டினால் ஒரு வரி கிடைக்கும். மொத்த மக்கள் இவ்வளவு, ஆண் இவ்வளவு, பெண் இவ்வளவு, விவசாயிகள் இவ்வளவு, கூலிகள் இவ்வளவு. இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 6.4 லட்சம் கிராமங்கள். ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வரி உண்டு. உங்கள் ஊருக்கும் இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்த வரியில் எண்கள் அவ்வளவு கடினமில்லை, தலைப்புச் சொற்கள்தான் ஏமாற்றும்.

'கிராமம்' என்றால் எது?

முதல் சிக்கலே இங்கேதான். நாம் ஊர் என்று சொல்வது ஒன்று, அரசு கிராமம் என்று சொல்வது இன்னொன்று.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுத்துக்கொள்வது வருவாய்க் கிராமத்தை. அதாவது நில அளவை செய்து எல்லை போட்டு, சர்வே எண்கள் கொடுத்து, ஒரு கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்பில் விட்ட நிலப்பரப்பு. அதற்குள் ஒரு பெரிய ஊரும், இரண்டு மூன்று சிற்றூர்களும், ஒரு காலனியும், தனித்தனித் தோட்டத்து வீடுகளும் இருக்கலாம். எல்லாம் சேர்ந்து ஒரே வரி. ஊராட்சி என்பது வேறு. ஒரே ஊராட்சியில் இரண்டு வருவாய்க் கிராமங்கள் இருப்பதுண்டு. தமிழ்நாட்டில் 2011 கணக்கில் சுமார் 16,000 கிராமங்கள், ஊராட்சிகளோ சுமார் 12,500தான். ஆகவே ஊராட்சித் தலைவர் சொல்லும் மக்கள்தொகையும் கணக்கெடுப்பு சொல்வதும் பொருந்தவில்லை என்றால் யாரும் பொய் சொல்லவில்லை. அளந்த இடம் வேறு, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை, ஆளே இல்லாத கிராமங்களும் பட்டியலில் உண்டு. நிலம் இருக்கும், சர்வே எண் இருக்கும், குடியிருப்பு இருக்காது. விளக்கில்லாத ஊர் என்ற பொருளில் பேச்சிராக் என்று இதற்கு வருவாய்த்துறையில் ஒரு பழைய சொல் உண்டு.

எல்லை மாறாமல் இருக்கும்வரை ஒரு கிராமத்தை அதன் பழைய கணக்கோடு ஒப்பிடலாம். இடையில் ஒரு பகுதியைப் பக்கத்துப் பேரூராட்சியில் சேர்த்திருந்தால், பத்தாண்டில் மக்கள் பாதியாகிவிட்டது போலத் தெரியும். பதறிவிட வேண்டாம், முதலில் பரப்பளவு எத்தனை ஹெக்டேர் என்று இரண்டு கணக்கிலும் பார்த்துவிடுங்கள்.

தலை எண்ணுவது

கணக்குக்காக நானே ஒரு ஊரை எழுதிக்கொள்கிறேன். நிஜ ஊர் அல்ல. 412 குடும்பங்கள், 1,540 பேர், அதில் ஆண்கள் 765, பெண்கள் 775. ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் 150. எழுத்தறிவு உள்ளவர்கள் 990.

குடும்பத்துக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் 1,540ஐ 412ஆல் வகுக்க வேண்டும். 3.7 வரும். தமிழ்நாட்டின் சராசரியே நாலுக்குச் சற்றுக் கீழேதான். கூட்டுக்குடும்பம் நிறைந்தது கிராமம் என்ற நம் நினைப்பு இந்த ஒரு வகுத்தலிலேயே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடும்.

எழுத்தறிவு விகிதத்தில் பலரும் வழுக்கி விழுவார்கள். 990ஐ 1,540ஆல் வகுத்தால் 64 விழுக்காடு வருகிறது. அது தவறு. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைத்தான் எழுத்தறிவுக்குக் கணக்கில் எடுப்பார்கள், மூன்று வயதுக் குழந்தையை எழுதப் படிக்கத் தெரியாதவர் பட்டியலில் சேர்ப்பது நியாயமில்லையே. ஆகவே 1,540லிருந்து 150ஐக் கழித்து, 1,390ஆல் வகுக்க வேண்டும். 71 விழுக்காடு. சட்டென்று ஏழு புள்ளி கூடிவிட்டது. 2011இல் தமிழ்நாட்டின் விகிதம் 80. நம் ஊர் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது.

குழந்தைகள் 150 பேர் என்பது ஊரில் பத்தில் ஒரு பங்கு. மாநில அளவிலும் கிட்டத்தட்ட இதே பங்குதான், நாடு முழுக்க எடுத்தால் 13 விழுக்காட்டுக்கு மேல். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போவதற்குத் தனியார் பள்ளி வேன் ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே காரணமில்லை. பிறப்பதே குறைந்துவிட்டது.

அடுத்தது ஆண் பெண் விகிதம். ஆயிரம் ஆண்களுக்கு 1,013 பெண்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உடனே ஊரைப் பாராட்டிவிடக் கூடாது. ஒருவரைக் கணக்கெடுப்பு எங்கே எண்ணுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும்.

2011இல் எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த இருபது நாளும் ஊர்ப்பக்கமே வராதவர் ஊர்க் கணக்கில் வரமாட்டார். அவர் எங்கே தங்கியிருந்தாரோ அங்கே எண்ணப்பட்டிருப்பார், வெளிநாட்டில் இருந்தால் எங்குமே இல்லை. பொங்கலுக்கு வந்துவிட்டுத் திருப்பூர் திரும்பிய பெரியப்பா மகன் திருப்பூர்க்காரர் ஆகிவிட்டார். வளைகுடா நாட்டில் இருப்பவர் கணக்கிலேயே இல்லை. குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனவர்களின் வீட்டில் பூட்டு தொங்கும், அவர்கள் சூளையிருக்கும் ஊரின் தலைக்கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். ஆக, பெண்கள் அதிகமாகத் தெரியும் ஊரில் பல நேரம் ஆண்கள் வெளியே போயிருக்கிறார்கள் என்றே அர்த்தம்.

அதனால் அந்த எண்ணோடு குழந்தைகளின் விகிதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தை தனியாகத் திருப்பூருக்கு வேலைக்குப் போகாது. அங்கே பெண் குழந்தைகள் குறைந்தால் காரணம் இடப்பெயர்ச்சி இல்லை, வேறு. 2011இல் தமிழ்நாட்டின் மொத்த விகிதம் 996, குழந்தைகளின் விகிதம் 943. பெண் சிசுக்கொலை காரணமாக 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்த மாநிலம் இது என்பதை மறக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: 150 குழந்தைகள் உள்ள ஊரில் நாலைந்து பேர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் தாறுமாறாக ஆடும். ஒற்றைச் சிற்றூரை வைத்துக் குற்றம் சாட்டக் கூடாது, அக்கம்பக்கத்துப் பத்து ஊர்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேலை என்றால் எது?

சரி, இப்போது பிழைப்புக்கு வருவோம். கட்டுரையின் சாரமே இதில்தான் இருக்கிறது.

நம் ஊரில் 850 பேர் உழைப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கெடுப்பு முதலில் இவர்களை இரண்டாகப் பிரிக்கும். கடந்த ஓராண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மை உழைப்பாளர். அதற்குக் குறைவாகச் செய்தவர் குறு உழைப்பாளர். ஆறு மாதம் என்பது 183 நாள். நம் ஊரில் முதன்மை 560, குறு 290.

இந்தக் குறு உழைப்பாளர் என்ற சொல் எனக்குப் பிடிக்காத சொல். யாரோ பொழுதுபோகாமல் எப்போதாவது வேலைக்குப் போவது போலத் தொனிக்கிறது. உண்மையில் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று பருவம் பார்த்து வரும் வேலைக்குக் காத்திருந்து போகிறவர்கள் இவர்கள். வேலை கிடைக்காத நாட்களை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 2005 சட்டத்தின்படி வந்த நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் நூறு நாளையும் ஒன்று விடாமல் செய்து, வேறு வேலை கிடைக்காமல் இருந்திருந்தால், அவரும் குறு உழைப்பாளர்தான். 183ஐ அவர் எட்டவே முடியாது. அந்தச் சட்டம் உறுதி சொன்னதே வீட்டுக்கு நூறு நாள்தான்.

எழுதிக்கொண்ட ஊரில் அந்த 290 பேரில் 205 பேர் பெண்கள் என்று வைத்திருக்கிறேன். நிஜ ஊர்களின் அட்டவணைகளைப் புரட்டினால் இந்தச் சாய்வை அடிக்கடி பார்ப்பீர்கள்.

வேலை எது என்பதற்கு உள்ள விளக்கம், உண்மையில், தாராளமானதுதான். சம்பளம் வாங்காமல் சொந்த நிலத்தில் உழைத்தாலும் அது வேலை. வீட்டுத் தேவைக்கு மட்டும் பயிர் செய்தாலும், பால் கறந்தாலும்கூட வேலை. சமையல், பிள்ளை வளர்ப்பு, தண்ணீர் தூக்குவது இவை சேராது. அப்படிப் பார்த்தால் பெரியம்மா சந்தேகமே இல்லாமல் உழைப்பாளர். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்னது பெரியப்பா. "வீட்டுலதான் இருக்கா" என்ற இரண்டு சொல்லில், இருபது வருடமாகப் பால் ஊற்றிய பெண் 'வேலை செய்யாதவர்' கட்டத்துக்குப் போய்விட்டார். வாத்தியார் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். அவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை வீடு பாக்கியோ.

இது ஒரு திண்ணைத் தவறு மட்டுமல்ல. 1961 கணக்கெடுப்பு, பருவத்தில் கொஞ்சநேரம் வயலில் உழைத்தவரையும் உழைப்பாளர் என்றது. 1971இல் 'உங்கள் முதன்மையான வேலை என்ன' என்று கேள்வியை மாற்றினார்கள். பெண்கள் "வீட்டு வேலை" என்றார்கள். நாட்டின் பெண் உழைப்பாளர் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பத்தாண்டில் பாதிப் பெண்கள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டார்களா என்ன? கேள்விதான் மாறியது. 1991இல் 'நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் வேலையும் சேர்த்து' என்று படிவத்திலேயே அச்சிட்டு இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். ஆகவே 1961ஐயும் 1971ஐயும் அருகருகே வைத்து ஒரு ஊரின் உழைப்பைப் பற்றி முடிவுக்கு வருவது வீண்வேலை.

நாலு பெட்டிகள்

உழைப்பவர் ஒவ்வொருவரையும் நாலு பெட்டிகளில் ஒன்றில் போடுவார்கள். பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர், மற்றவர்கள். நம் ஊரின் 850 பேரில் பயிரிடுவோர் 155, கூலிகள் 460, வீட்டுத் தொழில் 15, மற்றவர்கள் 220.

விவசாயக் கிராமம் என்று நாம் சொல்லும் ஊரில் பயிரிடுவோர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இது நான் மிகைப்படுத்தி எழுதியதல்ல. 2011இல் தமிழ்நாட்டின் மொத்த உழைப்பாளர்களில் பயிரிடுவோர் சுமார் 13 விழுக்காடு, விவசாயக் கூலிகள் சுமார் 29. நகரங்களையும் சேர்த்த கணக்கு இது. நாடு முழுக்கப் பார்த்தாலும், 2001இல் பயிரிடுவோர் 12.7 கோடி, கூலிகள் 10.7 கோடி. 2011இல் பயிரிடுவோர் 11.9 கோடி, கூலிகள் 14.4 கோடி. அந்தப் பத்தாண்டில் தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

பயிரிடுவோர் என்றால் நிலம் வைத்திருப்பவர் என்று அர்த்தமில்லை. பலரும் இதில்தான் தவறாகப் படிப்பார்கள். சொந்த நிலம், அரசு நிலம், குத்தகை நிலம், விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு எடுத்த நிலம் எதுவானாலும், தானே உழுதாலும் மேற்பார்வை செய்தாலும் அவர் பயிரிடுவோர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காதவர் பயிரிடுவோர் அல்ல, அவர் பெயரில் பத்து ஏக்கருக்குப் பட்டா இருந்தாலும்.

இதை வருவாய்த்துறைக் கணக்கோடு ஒப்பிட்டால் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பட்டா, சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அடங்கல் எந்த சர்வே எண்ணில் அந்தப் பசலியில், அதாவது அந்த வருவாய் ஆண்டில், என்ன பயிர் என்று சொல்லும். வாய்வார்த்தையில் குத்தகை எடுத்துச் சம்பா நட்டவரின் பெயர் பெரும்பாலும் எதிலும் ஏறாது. 2019இல் வந்த பிரதமரின் விவசாயி உதவித்தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய், நிலம் பெயரில் இருப்பவருக்குத்தான். ஆக, ஒரே வயலை வைத்து மூன்று பதில். கணக்கெடுப்பில் குத்தகைக்காரர் விவசாயி. உதவித்தொகைப் பட்டியலில் சென்னையில் இருக்கும் நிலச்சொந்தக்காரர் விவசாயி. வயலில் காலை வைத்து நாற்று நட்ட பெண்ணோ, இரண்டு பட்டியலிலும் விவசாயி இல்லை, கூலி. ஊரில் எத்தனை விவசாயிகள் என்று யாராவது கேட்டால், எந்தக் காகிதத்தின்படி என்று திருப்பிக் கேட்பதுதான் சரி.

வீட்டுத் தொழில் என்ற பெட்டி இன்று பல ஊர்களில் காலியாகக் கிடக்கும். வீட்டு ஆட்களே வீட்டிலோ ஊருக்குள்ளேயோ செய்யும் உற்பத்தி இது: தறி, பாய், மண்பாண்டம், பீடி. ஒரு ஊரில் மட்டும் இந்த எண் திடீரென்று பெரிதாக இருந்தால் அங்கே நெசவுத்தெரு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு ஊகிக்கலாம், முக்கால்வாசி சரியாக இருக்கும்.

மற்றவர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் விழுங்கும் பெட்டி. ஊர் வாத்தியார், ரேஷன் கடைக்காரர், கொத்தனார், சித்தாள், மில் வேனில் போகும் பெண்கள், ஆட்டோ ஓட்டுபவர், பூசாரி எல்லாரும் இதில். ஆடு மேய்ப்பதும் மாடு வளர்ப்பதும் இதில்தான். இன்னொன்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்: தென்னை, பாக்கு, தேயிலை, காபி, ரப்பர் ஆகிய தோட்டப்பயிர்களை வைத்திருப்பவரும் கணக்கெடுப்பின் கண்ணில் பயிரிடுவோர் இல்லை, மற்றவர்தான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு மட்டுமே உள்ள ஊரின் வரியைப் பார்த்து, 'விவசாயமே செத்துவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள். தேங்காய் காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஒருவருக்கு ஒரே பெட்டி என்பதையும் கவனியுங்கள். காலையில் பால், பகலில் சொந்தக் கழனி, சில நாட்கள் கொத்து வேலை என்று இருப்பவர் எதில் அதிக நாள் செலவிட்டாரோ அதில் போடப்படுவார். கிராமத்துக் குடும்பம் இப்படிப் பல கிளைகளில் கால் வைத்துத்தான் நிற்கிறது. நிலம் ஏன் போதவில்லை என்பதற்கும் ஒரு எண் சொல்கிறேன். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் (ஒருவர் பொறுப்பில் பயிராகும் மொத்த நிலத்தின்) சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நாட்டின் சராசரி 1970-71இல் 2.28 ஹெக்டேராக இருந்தது, 2015-16இல் 1.08. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கப் பிரிக்க வரப்பு கூடும், வயல் கூடாது.

வரியில் தெரியாதது

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று அந்த வரியில் இருக்கும். மற்ற சாதிகள் பற்றி எதுவும் இருக்காது. 155 பயிரிடுவோரில் காலனிக்காரர்கள் எத்தனை பேர், 460 கூலிகளில் ஊர்த்தெருக்காரர்கள் எத்தனை பேர் என்பதும் கிராமத்தின் அந்த ஒரு வரியில் தெரியாது. ஆனால் ஊருக்குள் நடந்துபோனால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். யார் கிணற்றுக்கு மின் இணைப்பு இருக்கிறது, ஏரிப் பாசனத்தில் தலைமடை யாருக்கு, கடைமடை யாருக்கு, கூலி யார் வீட்டு வாசலில் பேசப்படுகிறது என்பதெல்லாம் அட்டவணைக்கு வெளியே நடப்பவை.

அதனால்தான் ஒரே கிராமத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் ஆய்வுகளுக்குத் தனி மதிப்பு. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு வாய்த்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரம் என்ற பாடத்துக்கு முதல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். மக்கள் எத்தனை, நிலம் யாருக்கு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவர்கள் எழுதி வந்தது 1918இல் புத்தகமாக வந்தது. இன்றைய மாவட்டங்களின்படி சொன்னால் விழுப்புரத்தில் இருவேல்பட்டு, திருவண்ணாமலையில் தூசி, நாகப்பட்டினத்தில் பாலக்குறிச்சி, திருநெல்வேலியில் கங்கைகொண்டான், விருதுநகரில் வடமலாபுரம் ஆகியவை அவற்றில் பெயர்பெற்றவை. ஏரிப்பாசனம், ஆற்றுப்பாசனம், கரிசல் என்று மாநிலத்தின் பலவகை மண்ணும் அதில் வந்துவிட்டது.

1936-37இல் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் முயற்சியில் இவற்றை மறுபடி ஆராய்ந்தார்கள். அதற்குப் பிறகும் பலர் போனார்கள். இருவேல்பட்டுக்கு மட்டும் 2008 வரை வெவ்வேறு குழுக்கள் போய்வந்திருக்கின்றன. 2008இல் போன ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகிய மூவரும் எழுதியதைப் படித்தால், ஒரே பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் கைக்குள் இருந்த ஊர், நிலத்தை மட்டும் நம்பாத ஊராக எப்படி மாறியது என்று தெரியும். அந்தக் குடும்பத்தின் பிடி தளர்ந்தது, வெளியே வேலைகள் கிடைத்தன, ரேஷன் அரிசியும் அரசுத் திட்டங்களும் வந்தன, தலித் கூலிகள் ஒரே ஒரு வீட்டு வாசலில் நிற்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. கங்கைகொண்டானோ இன்னொரு திசையில் போய்விட்டது, அங்கே இன்று சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது. 1916இல் ஐந்தும் விவசாயக் கிராமங்கள்தான்.

கிராமம் எப்போது கிராமமாக இல்லாமல் போகிறது என்பதற்கும் கணக்கெடுப்பில் ஒரு அளவுகோல் உண்டு. மக்கள் 5,000 பேராவது இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும், ஆண் முதன்மை உழைப்பாளர்களில் 75 விழுக்காட்டினராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால், ஊராட்சியாகவே நீடித்தாலும், அது கணக்கெடுப்பு நகரம். இந்தியாவில் இப்படிப்பட்டவை 2001இல் 1,362, 2011இல் 3,894. ஆண்களை மட்டும் ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பெண்கள் இன்னமும் கழனியில் இருந்தாலும் ஊர் நகரமாகிவிடும்.

உங்கள் ஊரின் வரியைப் பார்க்க

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கணக்கெடுப்புத் துறை ஒரு மாவட்டக் கையேடு வெளியிடுகிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதில் இரண்டு பகுதி. ஒன்றில் ஊரின் பரப்பு, பள்ளி, பேருந்து, தண்ணீர், எவ்வளவு நிலம் பயிரானது, எதில் பாசனம் என்ற விவரங்கள். இன்னொன்றில் நான் இதுவரை சொன்ன மக்கள்தொகை வரி. ஊரின் பெயரை வைத்துத் தேடும்போது கவனம் தேவை, புதூர் என்ற பெயரில் மட்டும் எத்தனை ஊர்! வட்டத்தைச் சரிபார்த்து, கிராமத்தின் ஆறிலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பகுதிகளையும் சேர்த்து ஒரு சின்னக் கணக்கு போடலாம். பயிரான நிலத்தைப் பயிரிடுவோர் எண்ணிக்கையால் வகுங்கள். தலைக்கு எவ்வளவு என்று உத்தேசமாக வரும். அப்புறம் கூலிகளின் எண்ணிக்கையைப் பயிரிடுவோர் எண்ணிக்கையால் வகுங்கள். எங்கள் கற்பனை ஊரில் அது மூன்று. அறுவடை மெஷின் வந்த பிறகு அந்த மூன்று பேருக்கும் ஆண்டில் எத்தனை நாள் வேலை என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மற்றவர்கள் பெட்டி ஏன் வீங்குகிறது என்பதற்கு அவர்களே விளக்கம் சொல்லிவிடுவார்கள்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. இப்போது 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக அறிவித்திருக்கிறார்கள். மறுபடி ஒரு வாத்தியார் அதே திண்ணைக்கு வருவார். பெரியப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது. முழங்கால் வலியால் ஒன்றேகால் ஏக்கரையும் குத்தகைக்கு விட்டு மூன்று வருடமாகிறது, கழனிப்பக்கம் போவதுமில்லை. விதிப்படி அவர் 'வேலை செய்யாதவர்'. தொழில் என்ன என்று கேட்டால் அவர் விவசாயம் என்றுதான் சொல்லப்போகிறார். பெரியம்மா இன்னும் ஒரு மாட்டுக்குப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறார். இந்த முறை அந்த நேரத்தில் நானும் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம் என்று இருக்கிறேன்.